மருமகள்களின் கடை

"நான் குடிய விட்டுட்டேன்னு என் பொண்டாட்டி நம்பிட்டா அண்ணி. அவ எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன். அந்த சந்தோஷத்துக்கு ஒண்ணு ஊத்துங்க" என்கிறார் செங்கல் லாரி டிரைவர்.

அண்ணி சிரிக்கவில்லை. இடது பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்று கேட்கிறாள். இடது பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு காலிப் பெட்டிகளும் துணி காயும் கம்பியும்தான் இருக்கின்றன. பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஒரு நொடி நின்றுவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி டம்ளரை எடுக்கிறாள். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் அவர்களை முழங்கையால் இடித்து, "அது மருமகளுக்கு" என்று தணிந்த குரலில் சொல்வார்கள். மருமகள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

அண்ணி என்பது போகிறவர் வருகிறவர் வைத்த பெயர். அவள் கணவன் ஒற்றைப் பிள்ளை. அண்ணி என்று கூப்பிட அவனுக்குத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. ஆனாலும் நாலு ரோட்டிலும் வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவள் அண்ணி. எழுபத்தெட்டு வயது ஆட்டு வியாபாரிக்கும் அண்ணி, அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போக வரும் அவர் மகனுக்கும் அண்ணி. வயது அறுபத்திரண்டு. நெடுநெடுவென்ற உடம்பு. தோளில் எப்போதும் ஒரு துண்டு. அதில் கை துடைப்பாள், மேடை துடைப்பாள், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தால் அதையே வாயில் கவ்விக்கொள்வாள். ஆறு வருஷமாகக் கவ்வ வேண்டிய அவசியம் அதிகம் ஏற்படவில்லை.

முப்பத்தெட்டு வருஷமாக ஊற்றுகிறாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. கேட்டால், "மருந்துக் கடைக்காரன் என்ன, மாத்திரைய முழுங்கிட்டா உக்காந்திருக்கான்?" என்பாள். எவனுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அவன் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவாள். சாதாரணமாக வைத்தால் முதல் சுற்று. டக்கென்று வைத்தால் இரண்டு தாண்டியாயிற்று. சத்தமே வராமல், பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்தால் ஆள் மிதக்கிறான். அவனிடம், "இன்னைக்குக் கடை உன்னைக் குடிச்சிடுச்சு. நாளைக்கு வந்து நீ கடையக் குடி, போ" என்பாள். மறுபேச்சு இருக்காது.

கடைக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். அந்த இடத்தில் முதலில் இருந்தது வண்டிச் சக்கரம் சரிசெய்யும் கொட்டகை. நாலு பாதையும் கூடுகிற இடம். எந்தப் பாதையில் வந்தாலும் சக்கரம் அங்கே வரும்போதுதான் உடையும் என்று கணக்குப் போட்டு ஒருத்தன் கொட்டகை போட்டான். சக்கரம் தயாராகும் வரை வண்டிக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவன் மனைவி ஒரு பீப்பாயைக் கொண்டுவந்து வைத்து அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் உடையாத சக்கரங்களும் வந்து நிற்கத் தொடங்கின. இன்னும் கொஞ்ச நாளில் சக்கரம் சரிசெய்கிறவனும் சுத்தியலை வைத்துவிட்டு வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்துவிட்டான்.

லைசென்ஸ் கொடுக்க அதிகாரி வந்த அன்று அவன் ஒரு வண்டிக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "உன் பேரைச் சொல்லும்மா" என்றார். அப்படித்தான் முதல் லைசென்ஸ் ஒரு பெண் பெயரில் வந்தது. அவளுக்குப் பிறந்த மகன் அப்பனை உரித்து வைத்திருந்தான். அவள் காலம் முடிகிற நேரத்தில் மகன் பெயரை எழுதாமல் மருமகள் பெயரை எழுதிவிட்டாள்.

அந்த மருமகள்தான் அண்ணியின் மாமியார். தார் ரோடு போட்டதும், பஸ் வந்ததும், ஓட்டுக் கூரை ஏறியதும் அவள் காலத்தில். வெள்ளம் வந்த வருஷம் ஒரு பஸ் நிறைய ஆட்களை இரண்டு நாள் கடைக்குள் வைத்துச் சோறு போட்டவள். வாயைத் திறந்து பேசுவது மட்டும் அவளுக்கு ஆகாது. அண்ணி கல்யாணமாகி வந்த ஒன்பதாம் நாள், மாமியார் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "ஊத்து. கை நடுங்காம ஊத்து. பேசறதெல்லாம் அவங்க பேசட்டும்." அண்ணிக்கு அவள் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான். அடுத்த வருஷம் லைசென்ஸில் அண்ணி பெயர் ஏறியிருந்தது.

அண்ணியின் கணவன் நல்ல மனிதன். குடித்தால் பாடுவான், அவ்வளவுதான். ஜன்னலோர நாற்காலியில் பாடிக்கொண்டே இருந்து, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பாடாமல் சாய்ந்துவிட்டான். "இந்த வீட்டு ஆம்பளைங்க குடிக்கப் பொறந்தவங்க. பொம்பளைங்க விக்க வந்தவங்க" என்று அண்ணி அதைச் சுருக்கமாகச் சொல்வாள்.

ஊற்றும் மேடையை முதல் லைசென்ஸ் வாங்கியவள் தன் உயரத்துக்குச் செய்துகொண்டாள். அவள் குள்ளம். அண்ணியின் மாமியாரும் குள்ளம். அண்ணி நல்ல உயரம். இருபத்தெட்டு வருஷம் குனிந்தே ஊற்றினாள். முதுகு வளைவது அவளுக்கே தெரியவில்லை. கணவனுக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. மருமகள்தான் வந்த இரண்டாம் மாதம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "அத்தை, இது என்ன, தரையப் பாத்து ஊத்துறீங்க? முதுகு என்னத்துக்கு ஆகும்?" மறுநாளே தச்சரை வரவழைத்து, மேடைக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து ஒரு சாண் உயர்த்திவிட்டாள். அன்றைக்கு அண்ணி நிமிர்ந்து நின்று ஊற்றினாள். எதிரில் இருந்தவர்களின் முகம் அப்போதுதான் நேராகத் தெரிந்தது. "இந்த மூஞ்சிகளுக்கு நான் குனிஞ்சே இருந்திருக்கலாம்" என்றாள். மருமகள் பெட்டி மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் ஒரு தையல்காரரின் மகள். அண்ணியின் மகன் மண் வெட்டும் இயந்திரம் ஓட்டப் போன ஊரில் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தான். வந்தவள் கடைக்குப் பின்னால் ஓடு வேய்ந்து ஒரு கழிப்பறை கட்டினாள். முன்னால் பலகை எழுதி மாட்டினாள்: 'பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. தாழ்ப்பாள் உண்டு.' குடிக்க வந்தவர்கள் அந்தப் பலகையைப் படித்துப் படித்துச் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காகவே தூரத்து பஸ்கள் நிற்க ஆரம்பித்தன. பெண்கள் இறங்கினார்கள்; சூப் கேட்டார்கள், முட்டை கேட்டார்கள், பிள்ளைக்குப் பால் கேட்டார்கள். குடிகாரர்களின் வாயிலிருந்து கெட்ட வார்த்தை தானாகக் குறைந்தது.

வருகிறவர்களுக்கெல்லாம் அவள் பெயர் வைத்தாள். முதல் டம்ளர் முடிகிற வரை வாய் திறக்காதவருக்கு 'சாவி கொடுக்காத கடிகாரம்'. ஒவ்வொரு தடவையும் கடைசித் தடவை என்று சத்தியம் செய்கிறவருக்கு 'நிரந்தர விடைபெறுநர்'. இதையெல்லாம் அண்ணியின் இடது காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வாள். அண்ணி துண்டைக் கவ்விக்கொள்வாள். யாராவது உளறினால் அண்ணி திரும்பி, "பாத்தியா?" என்பாள். "பாத்தேன் அத்தை" என்று பதில் வரும். நாலு வருஷம் இப்படிப் போயிற்று. அந்த நாலு வருஷத்தில் அண்ணி யாராவது வருகிறார்களா என்று எந்த ரோட்டையும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

மகன் தாயின் கடையில் குடிக்க மாட்டான். அதுதான் வினை. வெளியே குடித்துவிட்டு வருவதால் அவன் டம்ளர் வைக்கும் சத்தம் அண்ணிக்குத் தெரியாமல் போயிற்று. மருமகளின் கையில் ஒருநாள் கன்றியிருந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன் அத்தை" என்றாள். அண்ணி நம்பினாள், அல்லது நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஒரு மழைக்காலப் பகல். பஸ் ஒன்று பழுதாகி நின்றதில் கடைக்குள் கூட்டம். வீட்டையும் கடையையும் இணைக்கிற கதவைத் தள்ளிக்கொண்டு மருமகள் வந்தாள். வலது புருவம் பிளந்து ரத்தம் கன்னத்தில் இறங்கியிருந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணி அவளைப் பார்த்தாள். அந்தத் தலைகளைப் பார்த்தாள்.

"உள்ள போ. கடையில வெச்சு வேணாம்" என்றாள்.

சொல்லிவிட்டு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். மருமகள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேடையைச் சுற்றிக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே நேராக நடந்து, முன்வாசல் வழியாக மழையில் இறங்கினாள். முதலில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள். அது எங்கே போகிற பஸ் என்று அவள் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதை அண்ணி ஜன்னல் வழியாகக் கவனித்தாள்.

அந்த வாரமே மகனின் துணிமணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தாள். அவன் கத்தினான், கெஞ்சினான், போனான். இப்போது வேறொரு ஊரில் வேறொருத்தியோடு இருக்கிறான். அவனையும் மருமகளையும் கோர்ட்டில் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யாராவது தெரிந்தவர்கள் கேட்டால் அண்ணி மறைப்பதில்லை. "ஒரே வாரத்துல ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஒருத்தன நான் அனுப்பினேன். ஒருத்தி தானா போனா. தானா போனவளத்தான் மனசு தேடுது" என்பாள்.

இந்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க ஆய்வாளர் அம்மாள் ஜீப்பில் வந்தாள். அறுபது தாண்டியவர்கள் வாரிசின் பெயரும் கையெழுத்தும் கொடுக்க வேண்டும் என்று படிவத்தை நீட்டினாள்.

"பையன் பேரு போட்டுடலாமா அண்ணி?"

"இந்தக் கடை பையன் பேர்ல போனதே இல்ல. மருமகள் பேரு போடுங்க."

"அவங்கதான் இப்ப மருமகள் இல்லையே. உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்னன்னு எழுதுறது?"

அண்ணி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. "அதுக்கு என்ன பேருன்னு எனக்கும் தெரியல. கையெழுத்து வாங்கிட்டு வரேன், அப்புறம் யோசிக்கலாம்" என்றாள்.

வாசலிலேயே பஸ் நிற்கிற இடம். ஆனாலும் அண்ணி பஸ் ஏறிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. கைப்பையோடு அவள் படியில் கால் வைத்ததும் கண்டக்டர் பதறிப்போனார். "என்ன அண்ணி, யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. நான்தான் தவறிட்டேன். டிக்கெட் குடு."

மருமகள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள் என்று தாழ்ப்பாளுக்காக பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள். சுவர் முழுக்கச் சட்டங்கள் மாட்டிய சின்னக் கடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கும் கண்ணாடி. நாலைந்து அண்ணிகள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். மருமகள் ஒரு வாத்தியாருக்குச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தாள். அவளே கனமான கறுப்புச் சட்டம் போட்டிருந்தாள். நிமிர்ந்தாள். கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

"உக்காருங்க" என்றாள், எல்லோரிடமும் சொல்கிற குரலில். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வர வேண்டிய 'அத்தை' வரவில்லை.

வாத்தியார் போனதும், "கண்ணு பாக்கவா?" என்று கேட்டாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு அண்ணிக்கு மறந்துவிட்டது. "ஆமா" என்று வாய் சொல்லிவிட்டது.

எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. முதல் வரியைப் படித்தாள். இரண்டாவதைத் திணறிப் படித்தாள். "அதுக்குக் கீழ ஏதாவது இருக்கா?"

"இன்னும் ஆறு வரி இருக்கு."

"நெசமாவா?"

மருமகள் வரிகளைக் காட்டிக்கொண்டிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். "எத்தனை வருஷமா இப்படி? எப்படி ஊத்துறீங்க?"

"சத்தத்துலதான்."

மருமகளின் உதட்டோரம் ஒன்று அசைந்தது. அடக்கிக்கொண்டு, சோதனைச் சட்டத்தை எடுத்து அண்ணிக்கு மாட்டினாள். அவள் விரல் நெற்றிப்பொட்டில் பட்டபோது அண்ணி மூச்சை நிறுத்தினாள். ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் போட்டு எடுத்தாள் மருமகள். ஒரு வில்லையில் சட்டென்று எல்லாம் கூர்மையாயிற்று. அண்ணிக்கு முதலில் தெரிந்தது பலகையில்லை. மிக அருகில், கறுப்புச் சட்டத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால், புருவத்தைக் குறுக்கே வெட்டிய வெள்ளைக் கோடு.

அவள் பார்ப்பதை மருமகள் பார்த்துவிட்டாள்.

"உள்ள போன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"உள்ள யாரு இருந்தான்னு உங்களுக்குத் தெரியாதா?"

மழை, கூட்டம், ரத்தத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆறு வருஷமாகக் காரணங்கள் சேர்ந்திருந்தன. அண்ணி ஒன்றையும் எடுக்கவில்லை. "தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். கடையில அத்தனை பேரு உக்காந்திருந்தாங்க. உன்னை விட அவங்கதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சாங்க."

மருமகள் வில்லையைக் கழற்றினாள். துணியில் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். திரும்ப மாட்டிவிட்டு, "இப்ப எப்படித் தெரியுது?" என்று கேட்டாள்.

"தெளிவாத் தெரியுது" என்றாள் அண்ணி.

அதற்குப் பிறகுதான் படிவத்தை எடுத்தாள். மருமகள் நின்றபடியே படித்தாள், மடித்தாள், திருப்பி நீட்டினாள். "நான் அந்த வாசல்ல கால் வெக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டா வருவேன்னு நீங்க ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. வேண்டாம்."

"போடலைன்னாலும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன். அதுக்குக் கையெழுத்து எதுக்கு?"

மருமகள் ரசீதுப் புத்தகத்தை இழுத்தாள். ரசீதில் எண்களை எழுதி, அடுத்த வாரம் கண்ணாடி தயாராகிவிடும் என்றாள்.

அடுத்த வாரம் அண்ணி போனாள். மருமகள் காதுப் பிடியைச் சூடாக்கி வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி வளைத்தாள். "லூஸானா எடுத்துட்டு வாங்க. டைட் பண்ணித் தர்றேன்" என்றாள். அதையும் எல்லோரிடமும் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

படிவத்தை அண்ணி அப்படியே ஆய்வாளர் அம்மாளிடம் கொடுத்துவிட்டாள். வாரிசுக் கட்டம் காலி. "இப்படியே விட்டா உங்களுக்கு அப்புறம் கடைய மூடிடுவாங்க அண்ணி" என்றாள் அவள்.

"மூடட்டும். மருமக இல்லாத வீட்டுக்குக் கடை எதுக்கு?"

"மூணு வருஷம் கழிச்சு மறுபடி படிவம் வரும். அப்ப வேணும்னா நிரப்பலாம்."

"மூணு வருஷமா?" என்று அண்ணி கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. ஆய்வாளர் அம்மாள் ஜீப்பில் ஏறிய பிறகும் ஒருதடவை திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடி ஒரு மாதத்தில் லூஸாகிவிட்டது. அண்ணி பஸ் ஏறிப் போனாள். மருமகள் திருகாணியை முடுக்கிக் கொடுத்தாள். அடுத்த மாதமும் லூஸாயிற்று. "இந்தச் சட்டம் இவ்வளவு சீக்கிரம் லூஸாகாதே" என்று மருமகள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திருகாணியின் தலையை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அண்ணி சுவரில் மாட்டியிருந்த சட்டங்களை எண்ணத் தொடங்கினாள். கடைசியில் மருமகள் ஒன்றும் கேட்காமல் முடுக்கிக் கொடுத்துவிட்டு, "இனிமே வியாழக்கிழமையா வாங்க. அன்னைக்குக் கூட்டம் இருக்காது" என்றாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. செங்கல் லாரி டிரைவர் குடியை விட்ட சந்தோஷத்தைக் குடித்து முடித்துப் போய்விட்டார். பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. அண்ணி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொள்கிறாள். கண்ணாடியைக் கழற்றி மேடைமேல் வைக்கிறாள். ரொட்டி வெட்டுகிற கத்தியை எடுத்து, அதன் முனையைத் திருகாணியின் தலையில் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரைச் சுற்று தளர்த்துகிறாள். மாட்டிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டிப் பார்க்கிறாள். போதவில்லை. மறுபடி கழற்றுகிறாள், இன்னொரு அரைச் சுற்று.